காலிக்குப் போகக் கட்டிய செங்கல்

சைக்கிள் செயினுக்குப் பூசிய தேங்காய் எண்ணெயின் வாசம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது... கொழும்பில் மெஷின் ஒயில் எந்தக் கடையிலும் கிடைக்கும். ஆனால் யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக்குள் பழகிய கை, குசினி எண்ணெய்ப் போத்தலைத்தான் தேடியது.

சண்டை நடந்துகொண்டிருந்த வருடங்கள். வெள்ளவத்தையில் சித்தி வீட்டில் தங்கி, கோட்டையில் ஒரு கொம்பனியில் வேலை பார்த்தேன். எங்கள் ஒபிஸ் வெல்ஃபெயர் சொசைட்டி, கொழும்பிலிருந்து தெற்கே காலி நகர் வரை ஒரு சைக்கிள் ஓட்டம் வைப்பதாக அறிவித்தது. பெண்களில் நானும் பக்கத்து மேசை ரெஜினாவும் மட்டும் பெயர் கொடுத்தோம். அவள் கொட்டாஞ்சேனைக்காரி. சைக்கிளை அப்போதுதான் பழகிக்கொண்டிருந்தாள்.

எனக்கென்ன பயம்? பள்ளிக்கூடம், டியூஷன், கோயில் என்று சைக்கிள் சீற்றிலேயே வளர்ந்தவள் நான்.

ஓட்டத்துக்குப் பொறுப்பு எங்கள் சூப்பர்வைசர் சுனில். பாணந்துறைச் சிங்களவர், நல்ல மனுஷன். காலி வரை மிதிக்கக் கால் பழக வேண்டும், கரியரில் இரண்டு செங்கல் கட்டிக்கொண்டு ஓடிப் பழகுங்கள் என்று எல்லோருக்கும் சொன்னார்.

கட்டினேன். பேப்பரில் சுற்றி, சாக்குப் பையில் போட்டு, பழைய சைக்கிள் ரியூபைக் கீலமாக வெட்டி இறுக்கிக் கட்டினேன்.

ஒரு ஞாயிறு காலை, வெள்ளவத்தையிலிருந்து ரெஜினா வீட்டுக்கு ஓடிப் பார்ப்பதென்று புறப்பட்டேன். செக்பொயின்ற்களில் இறங்கி அடையாள அட்டையை, ஐசியை, காட்டினேன். ஓரிடத்தில் பையை அவிழ்க்கச் சொன்னார்கள். கல்லைக் கண்டு ஒரு ஆமிக்காரன் சிரித்தேவிட்டான். நானும் சிரித்தேன்...

ரெஜினாவின் வீடு ஒடுங்கிய ஒழுங்கைக்குள். பூசை முடிந்து வந்த சனம் ஒழுங்கையை நிறைத்திருந்தது. சைக்கிளை றோட்டோரம், ட்ரான்ஸ்ஃபோமருக்குப் பக்கத்து மதிலில் சாய்த்துப் பூட்டிவிட்டு உள்ளே போனேன். அவளுடைய அம்மா பிளேன்டீ ஊற்றித் தந்தார். பின்பக்கம் இருந்து கதைத்ததில் வெளியே நடந்தது எதுவும் எங்களுக்குக் கேட்கவில்லை.

வெளியே வந்தபோது ஒழுங்கையில் ஒருவரும் இல்லை.

கடைக் கதவுகள் இறக்கியிருந்தன. பஸ் சத்தம் இல்லை. அந்த றோட்டை நான் அப்படிக் கண்டதேயில்லை. இரண்டு பக்கமும் கயிறு கட்டி, தூரத்தில் ஆமிக்காரர்கள் மணல் மூட்டைக்குப் பின்னால் குந்தியிருந்தார்கள்.

கயிறுகளுக்கு நடுவில் என்னுடைய சைக்கிள். தனியே.

எனக்கு விளங்கச் சில விநாடி எடுத்தது. ட்ரான்ஸ்ஃபோமரடியில் நின்ற சைக்கிளில் கட்டிய பையைக் குண்டென்று நினைத்துவிட்டார்கள்.

யாருடையது இது என்று சிங்களத்தில் ஒருவர் உரத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு வீட்டிலிருந்தும் பதில் வரவில்லை. ரெஜினாவின் அம்மா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

"வாயைத் திறக்காத பிள்ளை. சைக்கிள்தானே, போனா போகட்டும்."

"நான் சொல்லாட்டி இந்த ஒழுங்கைப் பொடியன்களைத்தானே அன்ரி பிடிச்சுக்கொண்டு போவாங்கள்..."

ரெஜினாவின் தம்பி பின்னறையில்தான் இருந்தான். அவர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு மெல்லக் கையை விட்டார்.

கோபமே வரவில்லை எனக்கு. என் அம்மாவும் அதைத்தான் செய்திருப்பார்.

இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு றோட்டில் இறங்கினேன். "மகே, சேர்" என்றேன், என்னுடையது என்று. துவக்குகள் எல்லாம் என் பக்கம் திரும்பின. வந்து தூக்குவார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் கிட்ட வரவில்லை. பையை நீயே அவிழ் என்று தூரத்திலிருந்தே கட்டளை வந்தது.

ரியூப் முடிச்சு இறுகிக் கிடந்தது. பிறகுதான் அந்த நினைப்பு வந்தது... நான் உள்ளே இருந்த நேரத்தில் வேறு யாராவது இதற்குள் எதையாவது வைத்திருந்தால்? நானே சுற்றிய பேப்பர், நானே போட்ட முடிச்சு. இருந்தும் உள்ளே இருப்பது செங்கல்தானா என்று எனக்கே நிச்சயமில்லாமல் போய்விட்டது. கண்ணை மூடிக்கொண்டு இழுத்தேன்.

கல் றோட்டில் விழுந்தது.

ஒரு அதிகாரி வந்து அதைப் பூட்ஸ் காலால் உருட்டினார். துவக்குப் பிடங்கால் உடைத்து உள்ளேயும் பார்த்தார். பிறகு என் ஐசியை வாங்கினார். பிறந்த இடத்தில் யாழ்ப்பாணம் என்றிருந்தது. சைக்கிளோட்டம், காலி, பயிற்சி என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொல்லிப் பார்த்தேன். கல்லைக் கட்டிக்கொண்டு யாரும் சைக்கிள் ஓடுவார்களா என்று கேட்டார். ஜீப்பில் ஏற்றினார்கள்.

பொலிஸில் பின்னேரம் வரை ஒரு மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். கேட்டதையே வேறு வேறு ஆட்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

ரெஜினா போன் பண்ணிச் சொல்லி, சுனில் பாணந்துறையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். இவள் என்னுடைய ஆள், கல் கட்டச் சொன்னது நான்தான் என்று பொறுப்பதிகாரியிடம் சொல்லி என்னை வெளியே எடுத்தார்.

கேற்றுக்கு வெளியே வந்ததும் நடக்காமல் நின்றுவிட்டார். முகம் வெளிறியிருந்தது. அவர் அன்றைக்கு இங்கிலீஷில் சொன்னதன் கருத்து இதுதான்:

"நானும் இண்டைக்குக் காலமை கல்லுக் கட்டிக்கொண்டுதான் ஓடினனான். எத்தனையோ செக்பொயின்ற் தாண்டினன்... ஒருத்தன்கூட என்னை மறிக்கேல்லை."

பொலிஸுக்குள் வராத அழுகை எனக்கு அங்கேதான் வந்தது.

சித்தி இனிச் சைக்கிளைத் தொடவே கூடாது என்றார். தொட்டேன். காலிக்கும் போனேன், ரெஜினாவும் வந்தாள். ஒவ்வொரு செக்பொயின்ற்றிலும் சுனில் எங்களுக்கு முன்னால் இறங்கி, தன் ஐசியை முதலில் நீட்டினார். அன்றைக்கு அவரை மறித்து நிறுத்த யாருமே தேவைப்படவில்லை, தானாகவே நின்றார்...

சண்டை முடிந்துவிட்டது. இப்போது ரெஜினா மெல்பேர்னில். சுனில் உயிரோடில்லை. ஞாயிறு காலைகளில் காலி வீதியால் ஹெல்மெட் போட்ட பிள்ளைகள் கூட்டமாகப் போகிறார்கள். கரியரில் பெரிய பெரிய பைகள். எங்கே போறீங்கள் என்று ஒருநாள் கேட்டேன். "மாத்தறைக்கு அன்ரி" என்றாள் ஒருத்தி, பிரேக்கைக்கூடத் தொடாமல்.

றோட்டில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நல்லது, அப்படித்தான் இருக்க வேண்டும்.

எனக்குத்தான் அந்தப் பைகளிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.