பதினாறு கால் சைக்கிள் மண்டபம்

எங்கள் ஊரில் தூண்களுக்குப் பஞ்சமில்லை. நூறு கால், ஆயிரம் கால் என்று வெளியூர்க்காரர்களிடம் சொல்லிக்கொள்ள ஏற்கெனவே வேண்டிய மட்டும் இருக்கின்றன. அவை போதாதென்று, சைக்கிள் நிறுத்துவதற்காக ஒரு பதினாறு கால் மண்டபம் கட்டிய மனிதரும் எங்கள் ஊர்க்காரர்தான். அவரைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனால் தையல்நாயகி அம்மாவைப் பற்றி எழுதத் தொடங்கினால் அவரும் கூடவே வந்து நிற்பார்.

காஞ்சிபுரத்திலிருந்து ஓரிக்கை போகும் சாலையில், விறகு எடை போட்டு விற்கும் எங்கள் அப்பாவின் தொட்டிக்கு நேர் எதிரே இருப்பது கலியாணி டாக்கீஸ். அதன் சைக்கிள் ஸ்டாண்டைப் பத்து வருஷம் குத்தகைக்கு எடுத்து நடத்தியவர் தையல்நாயகி அம்மா. அவருக்கு முன்னால் அவருடைய கணவர் நடத்தினார். அவர் மஞ்சள்காமாலையில் இறந்துபோனதும் ஸ்டாண்டு பதினாறு நாள் பூட்டிக் கிடந்தது. பதினேழாம் நாள் இந்த அம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து வாசல் கயிற்றை அவிழ்த்தார். இது ஆம்பிளை பார்க்கிற வேலை என்று சிலர் சொன்னார்கள். சொன்னவர்களின் சைக்கிள்களும் அங்கேதான் நின்றன.

அப்போது ஸ்டாண்டு என்பது கீற்றுக் கொட்டகை. செம்மண்ணைக் கெட்டிப்படுத்திய தரை, முன்சக்கரத்தைச் சாய்த்து நிறுத்த நீளமாகக் கட்டிய மூங்கில், வாசலில் ஒரு புங்க மரம். மரத்தடியில் ஒரு முக்காலி. அவ்வளவுதான். அதில் அழகு ஒன்றும் இல்லை என்று யாரும் சொல்லலாம். யாரும் சொன்னதில்லை, யாரும் அதைப் பார்க்க வரவில்லை என்பதால்.

டோக்கன் என்ற ஒன்றைத் தையல்நாயகி அம்மா வைத்துக்கொண்டதே இல்லை. தான் குடியிருந்த பிள்ளையார்பாளையத்தில் அக்கம்பக்கத்துத் தறிகளில் அறுந்து விழும் பட்டு நூல் துண்டுகளைச் சேர்த்து வைத்திருப்பார். சைக்கிள் வந்ததும் இரண்டு நிறத்து இழைகளை ஒன்றாக முறுக்கி ஹாண்டிலில் ஒரு முடிச்சுப் போட்டு, தொங்கும் பாதியை வெட்டி வந்தவர் கையில் கொடுப்பார். படம் முடிந்து வந்தால் கையில் இருப்பதும் ஹாண்டிலில் இருப்பதும் பொருந்தவேண்டும். எந்த நிறத்தோடு எந்த நிறம் என்பது அன்றன்றைக்கு அவர் மனசுக்குத் தோன்றுவது. யாரும் முன்கூட்டிச் செய்து கொண்டுவந்து ஏமாற்ற முடியாது. வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் நெசவாளர்கள். நம்பரை மறப்பார்கள், நிறத்தை மறக்கமாட்டார்கள். "அரக்கு உடம்பு, கிளிப்பச்சைக் கரை" என்று சேலையைச் சொல்வது போலச் சொல்லித் தங்கள் சைக்கிளைக் கேட்பார்கள். பத்து வருஷத்தில் ஒரு சைக்கிள்கூட ஆள் மாறிப் போனதில்லை.

அந்த அம்மாள் யாரையும் முகத்தைப் பார்த்து எடை போடமாட்டார். சங்கிலியில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்ப்பார். ஹாண்டிலில் பிளாஸ்டிக் பூச்செண்டு சொருகி, சக்கரக் கம்பிகளில் கலர் மணி கோத்து, பிரேக் கட்டையில்லாமல் வருகிறவர்களை அவருக்கு ஆகவே ஆகாது. "மூஞ்சிக்குப் பவுடர் போட்டுக்கினு பல்லு வெளக்காத மாதிரி" என்று, அவர்கள் காதில் விழும்படியாகவே சொல்வார்.

டாக்கீஸ் முதலாளி கலியாணசுந்தரம் பட்டு வியாபாரி வீட்டுப் பிள்ளை. அவருடைய அப்பா கட்டிய கொட்டகை அது. இவர் அதில் செய்த ஒரே மாற்றம் அதுவரை டிக்கெட் கௌன்டருக்குப் பெயின்ட் அடித்ததுதான். அறுபத்தேழாம் வருஷம் வியாபார விஷயமாகப் பம்பாய் போனார். அங்கே ஏதோ ஒரு பெரிய சினிமா தியேட்டரில் கார் நிறுத்தும் இடத்தில் வளைவும் வண்ண விளக்கும் வைத்திருந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். படம் திரையில் தொடங்குவதில்லை, வண்டி விடுகிற இடத்திலேயே தொடங்கிவிடுகிறது என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். பேச்சு என்று பார்த்தால் அது தப்பான பேச்சு இல்லை. நல்ல பேச்சு சில பேர் வாயில் அகப்பட்டால் இப்படித்தான் ஆகும்.

காஞ்சிபுரத்தில் கலியாணி டாக்கீஸுக்குக் காரில் வருகிறவர் ஒருவர்தான், அது அவரே. ஆகவே அழகு சைக்கிள் ஸ்டாண்டின் தலையில் விழுந்தது. திருமுக்கூடல் பக்கத்திலிருந்து தணிகாசலம் என்ற கொத்தனாரை வரவழைத்தார். தணிகாசலம் கோயில் கோபுரங்களில் சுதை வேலை செய்கிறவர், நல்ல வேலைக்காரர். அவருக்குத் தெரிந்த அழகு எதுவோ அதைக் கட்டினார். பதினாறு தூண், தூணுக்கொரு யாளி. வாசலில் இரண்டு பக்கமும் கோரைப்பல்லும் கதாயுதமுமாக ஆளுயரத் துவாரபாலகர்கள். அடியில் முன்னும் பின்னும் மூன்று படி. பீடமில்லாமல் மண்டபம் கிடையாது என்று தணிகாசலம் சொல்லிவிட்டார். தரைக்கு வழவழவென்று மொசைக். முகப்பை மறைக்கிறதென்று புங்க மரத்தை வெட்டினார்கள்.

படிகளைப் பார்த்ததும் தையல்நாயகி அம்மா முதலாளியிடம் போய்ச் சைக்கிள் படி ஏறுமா என்று கேட்டார். மூன்று படிதானே, தூக்கி வைத்தால் போகிறது என்றார் முதலாளி. தறிக்குப் போகும் பாவு நூலைக் கட்டிய சைக்கிளை, ஜரிகைப் பெட்டி வைத்த சைக்கிளை எப்படித் தூக்குவது என்று கேட்டதற்கு, அழகு என்று வந்தால் கொஞ்சம் சிரமப்படத்தான் வேண்டும் என்று பதில் சொன்னார். சிரமம் யாருக்கு என்பது பற்றி அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

தீபாவளிக்கு மறுநாள், ஐப்பசி அமாவாசையன்று திறப்பு விழா. அமாவாசையில் எங்கள் ஊரில் தறியில் உட்காரமாட்டார்கள். நெசவாளர்களுக்கு அன்றுதான் விடுமுறை, அன்றுதான் மாட்டினி நிரம்பும். அதை யோசித்து நாள் குறித்தவர், அதே அமாவாசையில் முக்கால்வாசிப் பேர் தலைக்குக் குளித்து விபூதி பூசி விரதம் இருப்பார்கள் என்பதை யோசிக்கவில்லை. போதாததற்குக் குருக்களை அழைத்துக் கலசம் வைத்து, மாவிலையால் எல்லாத் தூண்களிலும் தண்ணீர் தெளித்து, துவாரபாலகர்களுக்கு வேட்டி கட்டி, கற்பூரமும் காட்டினார்.

முதலில் வந்தவர் பிள்ளையார்பாளையத்து வீரபாகு, சைவப் பழமான நெசவாளர். சைக்கிளைச் சாலையோரச் சுவரில் சாய்த்தார். செருப்பைக் கழற்றினார். படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறி, உள்ளே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்கினார். சாமி எப்போது வருகிறது என்று தையல்நாயகி அம்மாவிடம் கேட்டார்.

"சாமி வர்ல, உன் சைக்கிள்தான் வரணும். எடுத்துக்கினு வாப்பா" என்றார் அந்த அம்மாள்.

"இன்னாமா பேசற நீ? சைக்கிள் சீட்டு தோலு. கற்பூரம் காட்டின எடத்துல தோல ஏத்தறதா?"

பின்னால் வந்தவர்கள் வீரபாகு செய்ததையே செய்தார்கள். இடைவேளைக்குள் சாலையோரச் சுவர் நெடுக நூற்றைம்பது சைக்கிள்; படிக்குக் கீழே செருப்புக் குவியல்; மண்டபத்துக்குள் யாரோ ஒரு புண்ணியவதி போட்டுவிட்டுப் போன கோலம்.

அந்த அம்மாளும் தன் பங்குக்கு ஒரு தப்புச் செய்தார். மரம் போய்விட்டதால் நூல் கொத்தை மாட்ட இடமில்லாமல் துவாரபாலகர் கதையில் மாட்டியிருந்தார். வெள்ளிக்கிழமை வந்த பெண்கள் அதை வேண்டுதல் நூல் என்று நினைத்துக்கொண்டு, ஆளுக்கொரு நூலாகத் தாங்களும் கட்டத் தொடங்கினார்கள். பிள்ளை வரத்துக்கு மஞ்சள், தறி நன்றாக ஓட மயில்கழுத்து. இரண்டு வாரத்தில் கதாயுதமே தெரியவில்லை. எது தன் நூல், எது வரம் என்று பிரிக்க அவராலேயே முடியவில்லை.

ஒரு நாள் அவரே ஒரு சைக்கிளைத் தூக்கி உள்ளே வைத்துக் காட்டினார். மொசைக்கில் ஸ்டாண்டு வழுக்கி அது தடாலென்று விழுந்தது. விளக்கேற்ற வந்திருந்த நீலாம்பாள் என்ற அம்மாள், பார், சாமி அடித்துத் தள்ளிவிட்டது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு யாரும் முயலவில்லை.

சாலையில் நின்ற சைக்கிள்களை முனிசிபாலிட்டி ஆட்கள் வண்டியில் ஏற்றிப் போனார்கள். மீட்டு வந்தவர்கள் முதலாளியிடம் கத்தினார்கள். முதலாளி தையல்நாயகி அம்மாவைக் கூப்பிட்டார். இவ்வளவு அழகான ஸ்டாண்டைக் காலியாக வைத்திருப்பது அவருடைய கையாலாகாத்தனம் என்றார். தை அமாவாசைக்குப் புதுப் படம் வருகிறது. அன்றைக்கு மண்டபம் நிரம்பாவிட்டால் ஸ்டாண்டைத் தன் மச்சானுக்குக் கொடுத்துவிடுவதாகவும், மச்சான் காக்கிச் சட்டை போட்ட ஆட்களையும் பித்தளை டோக்கனையும் கொண்டுவருவார் என்றும் சொன்னார். நூல் கட்டுவது பார்ப்பதற்குப் பட்டிக்காட்டுத்தனமாக இருக்கிறதாம். தன் கழுத்துச் சங்கிலிக்கு அந்த நூல்தான் வழி செய்தது என்பது பட்டு வியாபாரி வீட்டுப் பிள்ளைக்கு மறந்துபோயிற்று.

தையல்நாயகி அம்மாவுக்கு அந்த ஸ்டாண்டைத் தவிர வேறு பிழைப்பு கிடையாது. தறியில் உட்கார்ந்தால் இடுப்பு தாங்காது.

அவர் முதலாளிக்கு எதிராக ஒரு வார்த்தை பேசாமல், சொன்னதையெல்லாம் செய்து பார்த்தார். அறிவிப்புப் பலகை வைக்கச் சொன்னார் முதலாளி. தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதித் தரும்படி அந்த அம்மாள் எனக்கு ஆள் அனுப்பினார். 'இது கோயில் அல்ல. சைக்கிள் நிறுத்துமிடம்' என்று எழுதிக் கொடுத்தேன். மறுநாளே பலகையின் தலையில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். அடுத்து, துவாரபாலகர்களை உடைத்துவிடுங்கள், நூல் கட்டுவதும் நிற்கும், பயமும் போய்விடும் என்று அந்த அம்மாள் யோசனை சொன்னார். முதலாளிக்கு அது சரியென்று பட்டது. தணிகாசலத்தை வரவழைத்தார். தணிகாசலம் வந்து, கற்பூரம் வாங்கிய சிலைகளை அண்ணாந்து பார்த்துவிட்டு உளியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். கற்பூரம் காட்டச் சொன்னது யார் என்று மட்டும் கேட்டார். ஊரில் வேறு எந்தக் கொத்தனாரும் கை வைக்க இசையவில்லை. முதலாளி தானே சுத்தியலை எடுத்துக்கொண்டு ஒரு காலை வேளை படியேறினார். கீழே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறினார், கொஞ்ச நேரம் நின்றார், இறங்கி வந்துவிட்டார்.

அதை எங்கள் தொட்டியின் எடைத்தட்டுக்குப் பக்கத்திலிருந்து தையல்நாயகி அம்மாவும் பார்த்தார். இந்த மனிதரை நம்பி தை அமாவாசை வரை காத்திருப்பதில் பொருளில்லை என்று அப்போதுதான் முடிவு செய்திருக்கவேண்டும். உடனே எங்கள் அப்பாவிடம் வந்தார். சவுக்கு விறகு அடுக்கும் பின்பக்கத்துக் காலி மனையை, படம் ஓடும் நேரங்களுக்கு மட்டும் கேட்டார். அப்பா வேணுகோபால் எதையும் சுருக்கமாகச் சொல்கிறவர். அங்கே சுள்ளியும் மரத்தூளுமாகக் கிடக்குமே, பார்க்க நன்றாக இருக்காதே என்றார்.

"நல்லா இருக்கறத எதுத்தாப்ல கட்டி வெச்சிருக்காங்களே, போறாதா? எனக்குத் தரை இருந்தா சரிப்பா."

நாலு நாளில் சவுக்குக் கழிகளை ஊன்றிக் குறுக்கே மூங்கில் கட்டினார். மேலே கீற்று. படி இல்லை, யாளி இல்லை. மரத்தூள் படிந்த தரையில் ஸ்டாண்டு நன்றாகக் கடித்து நின்றது. சாம்பல் நிறக் கழிகளில் வரிசையாகத் தொங்கிய நூல் கொத்துகளை நான் அப்போதுதான் முதல் தடவையாகக் கவனித்துப் பார்த்தேன். அழகு என்ற சொல்லை எதிரே இருந்த மண்டபத்துக்கு எவ்வளவு செலவழித்தார்களோ எனக்குத் தெரியாது. இதற்கு யாரும் செலவழிக்கவில்லை.

தை அமாவாசையன்று வீரபாகுதான் முதலில் வந்தார். சைக்கிளைத் தொட்டிக்குள் உருட்டிவந்து நிறுத்தி, மாம்பழ மஞ்சளும் கத்திரிப்பூவுமாக நூல் வாங்கிக்கொண்டு, எதிரே போய் மண்டபத்தைச் சுற்றிக் கும்பிட்டுவிட்டு, அப்புறம் டிக்கெட் வாங்கினார். எல்லோரும் அப்படியே. படம் தொடங்கும்போது தொட்டியில் முந்நூறு சைக்கிள். மண்டபத்தில் ஒன்றுமில்லை; படிக்குக் கீழே செருப்புகள்தான் குன்றாகக் கிடந்தன.

முதலாளி மச்சானைக் கூட்டிக்கொண்டு மண்டபத்தைப் பார்க்க வந்தார். உள்ளே விளக்கேற்றிக்கொண்டிருந்த பெண்களைத் தாண்டி, சாலைப் பக்கம் இருந்த பின்படி வழியாக இறங்கி, சாலையைக் குறுக்கே கடந்து எங்கள் தொட்டிக்குள் நுழைந்தார். மச்சான் சாலையிலேயே நின்றுவிட்டார். முதலாளியின் குரல் தணிந்திருந்தது. படிகளை இடித்துச் சரிவாக்கிவிடலாம் என்றார். நூலே கட்டிக்கொள்ளட்டும், பித்தளை வேண்டாம் என்றார். பத்து வருஷத்துப் பழக்கம் என்றார். தையல்நாயகி அம்மா அதுவரை நிமிரவில்லை; ஒரு கிளிப்பச்சை இழையை முறுக்கிக்கொண்டிருந்தார். பிறகு மரத்தூளில் நின்ற முதலாளியின் வெறுங்காலைப் பார்த்தார்.

"செருப்பு எங்க முதலாளி?"

முன்படியில் விட்டேன் என்றார் அவர், கேள்வி புரியாமல்.

"நீங்க கட்டின ஸ்டாண்டுக்கு நீங்களே செருப்ப கழட்டிட்டுதான் போறீங்க. ஊரு ஜனம் மட்டும் சைக்கிள ஏத்திக்கினு போவணுமா? போயி செருப்ப தேடுங்க முதலாளி. நூலு கட்டாத வுட்டுட்டு வந்திருக்கீங்க, கெடைக்கறது கஷ்டம்."

முதலாளி திரும்பிப் போனார். இடைவேளை மணி அடித்து ஜனம் வெளியே வரும் வரை, தான் கட்டிய மண்டபத்தின் முன்படியில் குனிந்து, ஊராருடைய செருப்புகளை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தார்.