கோபுரத்துக்கு வைத்த ஃபிலிம்

பரளச்சியில் திருச்சுழி பஸ்ஸுக்காக நிற்கிறேன். கழுத்தில் புது எஸ்.எல்.ஆர். கேமரா. சற்று முன்தான், மழை பொய்த்த கரிசலில் எலும்பு துருத்தி நின்ற மாடு ஒன்றை, லென்ஸைத் திருகித் திருகி ஆசைதீர எடுத்தேன்.

அந்த மாட்டுக்காரர் ஓடி வருகிறார்.

"எங்கய்யா விடியக்காலம் தவறிட்டாக. உசுரோட இருக்கையில ஒரு போட்டோ எடுக்கல. குளிப்பாட்டி, மாலை போட்டு, நாற்காலியில உக்கார வச்சிருக்கோம். வந்து ஒண்ணு புடிச்சுத் தாங்க."

ஃபிலிமில் இன்னும் நாலைந்து படம் மிச்சம் இருக்கிறது. அதைத் திருச்சுழிக் கோபுரத்துக்கென்று வைத்திருக்கிறேன்.

"ஃபிலிம் தீர்ந்துபோச்சே" என்கிறேன்.

அவர் கேமராவையே பார்க்கிறார். "என் தப்புதாங்க. நீங்க மாட்டப் படம் புடிக்கையிலேயே வந்து கேட்டிருக்கணும்."

பஸ் நிற்காமல் போகப் பார்க்கிறது. அவர் நடுரோட்டில் இறங்கி, துண்டை வீசி மறிக்கிறார். "வெளியூர்க்காரவுக, ஏத்திக்கிட்டுப் போங்கண்ணே!"

ஏறி உட்கார்கிறேன். ஊருக்குள் கொட்டு முழங்குகிறது. பக்கத்து சீட்டுக்காரர் என் கேமராவைப் பார்க்கிறார்.

"எளவு வீட்டுல படம் எடுத்துட்டு வாரீகளோ? புண்ணியமாப் போகும்."

ஆமாம் என்று தலையாட்டுகிறேன்.