மூன்றாம் நம்பரில் உட்கார்ந்த என் மச்சினன்

கம்ப்யூட்டர் திரைக்குள் ஒரு கண் இருக்கிறது, எதிரே உட்கார்ந்தவர் முகத்தைப் பிடித்து அது நேராகப் போலீசுக்கு அனுப்பிவிடும் என்று முதலில் நம்பினேன். நம்பியவன் சின்ன காஞ்சிபுரத்தில் நாலு கம்ப்யூட்டர் போட்டு பிரவுசிங் சென்டர் நடத்தியவன். மறுநாள் கருட சேவையில் குண்டு வெடிக்கும் என்று கோயிலுக்கு மெயில் வந்திருப்பதாகக் காலையில் கேள்விப்பட்டதும் ஓடிப்போய் மூன்று திரைகளுக்குத் துண்டு போர்த்தினேன். நாலாவதற்குத் துண்டு இல்லை. சட்டையைக் கழற்றிப் போட்டேன். பனியனோடு நின்றவனிடம்தான் இன்ஸ்பெக்டர் வந்து பதிவேட்டைக் கேட்டார். ஊரிலிருந்த எல்லா சென்டர்களிலும் கேட்டுக்கொண்டு வந்தாராம்.

தயங்கித் தயங்கிப் பதிவேட்டை எடுத்துக் கொடுத்தேன். வருகிறவர்களின் பெயர், விலாசம் எழுத வேண்டும் என்று ஸ்டேஷனில் முன்பே சொல்லியிருந்தார்கள். பெயர் சொல்லத் தயங்குபவர்களை நான் வற்புறுத்துவதில்லை. வரி காலியாக இருக்கக் கூடாதே என்று, என் கல்யாணப் பத்திரிகையில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' சொந்தக்காரர்களை வரிசையாக இறக்கிக்கொண்டிருந்தேன். செத்துப்போன பெரியப்பா கூட மாதம் ஒருமுறை வந்து மெயில் பார்த்துவிட்டுப் போனார்.

"நேத்து மூணு மணிக்குப் போயிருக்குது மெயிலு" என்றார் இன்ஸ்பெக்டர். அவர் விரல் நின்ற வரியில் என் மனைவியின் தம்பி இருந்தான்.

உண்மையில் அப்போது மூன்றாம் நம்பரில் உட்கார்ந்தது ஏனாத்தூர் காலேஜில் படிக்கும் ஒரு பெண். "அண்ணா, என் பேரு எழுதாதீங்க. வீட்ல மாப்ள பாத்துக்கினு இருக்காங்க. நான் பெங்களூர்ல வேலைக்கு அப்ளை பண்றது தெரிஞ்சா படிப்பையே நிறுத்திடுவாங்க" என்றிருந்தாள். பத்திரிகையில் அன்றைய முறை மச்சினனுடையது.

அரை மணி நேரத்தில் சாயப்பட்டறையிலிருந்து அவனை ஜீப்பில் கொண்டுவந்தார்கள். முழங்கை வரை சிவப்புச் சாயம். கான்ஸ்டபிள் ஒரு அடி தள்ளியே நின்றார்.

"மாமா, நான் கம்ப்யூட்டர தொட்டதுகூட இல்லன்னு சொல்லு மாமா!"

சொன்னால் அவன் தப்பிப்பான், அந்தப் பெண்ணின் வீட்டுக்கு ஜீப் போகும். சொல்லாவிட்டால்? அவளே அனுப்பியிருந்தால்? நாளைக்குக் கருட சேவைக் கூட்டத்தில் என் மனைவியும் நிற்பாள். பனியன் நனைந்து முதுகில் ஒட்டிக்கொண்டது.

"சார், அந்தப் பேரெல்லாம் பொய் சார். என் கல்யாணப் பத்திரிகைலேர்ந்து எழுதினது."

இன்ஸ்பெக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "யோவ், உன் கல்யாணத்துல சாப்ட்டவன எல்லாம் நான் உள்ள போடணுமா? உக்காந்தது யாரு?"

"ஒரு காலேஜ் பொண்ணு சார். வேலைக்கு மனு போட்டுது. அந்த மிஷின மட்டும் எடுத்துக்கினு போயி, அந்த நேரத்த மட்டும் பாருங்க. மெயிலு அதுலேர்ந்து போயிருந்தா நானே வந்து ஆள அடையாளம் காட்டறேன். போவலன்னா அந்தப் பொண்ண தேடாதீங்க சார்."

"எனக்கே சட்டம் சொல்றியா?"

"இல்ல சார், பயத்துல ஒளர்றேன்."

அது சத்தியமான வார்த்தை.

மச்சினனையும் மூன்றாம் நம்பரையும் பதிவேட்டையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மறுநாள் கருட சேவையில் நான் பெருமாளைச் சேவிக்கவே இல்லை. பக்கத்தில் நின்றவர்களின் பைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தேங்காய் உடைத்த சத்தத்துக்கு மனைவியை இழுத்துக்கொண்டு ஓடினேன்.

அந்த மெயில் எங்கள் ஊரிலிருந்தே போகவில்லை. வேறொரு மாவட்டத்தில் ஒருவனை அதே வாரம் பிடித்தார்கள். மச்சினன் ஸ்டேஷன் பெஞ்சில் நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். மூன்றாம் நம்பர் ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. அன்று வாசலில் ஜீப் நின்றதைப் பார்த்துவிட்டுத் தெருமுனையிலேயே திரும்பிப் போன அந்தப் பெண் மறுபடி கடைக்கு வரவில்லை.