பகலில் ஆஸ்பத்திரி, மாலையில் வீடு

முதலில் நின்றது என் கை. மெர்லிமாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தியை மரத்தில் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். வெட்டவும் தோன்றவில்லை, எடுக்கவும் தோன்றவில்லை. கூட வேலை செய்த பெண்கள்தான் வீட்டுக்கு அழைத்துப்போனார்கள்.

அது மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம். நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்தார்கள். காட்டில் ஒளிந்து சண்டைபோட்ட கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடக் கூடாதென்று சோற்றுப் பொட்டலத்தைக்கூட வெளியே விடமாட்டார்கள். இருட்டுவதற்குள் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். ஆனால் என் நோய்க்கு அதுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். எல்லோரும் அதே கம்பிக்குள்தான் இருந்தோம். எனக்குத்தான் தூக்கம் போனது, பசி போனது. மகள் செல்வி கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதே பெரும் வேலையாக இருந்தது.

பேய் பிடித்திருக்கிறது என்றார்கள் லயத்தில். என் கணவர் முனுசாமி யார் பேச்சையும் கேட்காமல் மலாக்கா டவுன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார்.

"இது மனச்சோர்வு (எதிலும் ஆசையற்று, உடம்பும் மனசும் ஓய்ந்துபோகும் நோய்)" என்று டாக்டர் விளக்கினார். என் கணவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஐயா, ஜொகூர் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு மட்டும் அனுப்பிடாதீங்க. அங்க போனவங்க திரும்பி வந்து நான் பாத்ததே இல்ல."

"அனுப்பல. தினமும் காலையில இங்க வரட்டும், சாயங்காலம் வீட்டுக்குப் போகட்டும். முடியுமா?"

"கேட்டு பூட்டுறதுக்குள்ள பஸ் கெடைச்சா முடியும், ஐயா."

அப்படித்தான் நான் பகல் நோயாளி (ஆஸ்பத்திரியில் தங்காமல் தினமும் வந்து போகிறவர்) ஆனேன். மாத்திரை கொடுத்தார்கள். டாக்டர் நிறையப் பேசவைத்தார். மற்ற நேரம் ஒரு நீண்ட அறையில் தையல், சமையல், பாட்டு. அங்கே எனக்கு இரண்டு பேர் கூட்டாளிகள். சீனத்தி ஆ லான், என்னைப் போலவே சோர்ந்து கிடந்தவள். ஜவுளிக்கடை காசிம் பாய்க்குப் பயநோய் (ஆபத்தில்லாத இடத்திலும் நெஞ்சு படபடத்து உயிர் போவதுபோல் தோன்றும் நோய்). கடையை விட்டுத் தெருவில் கால் வைக்கவே முடியாதாம். ஆஸ்பத்திரிக்கே அவரை மூடிய காரில்தான் கொண்டுவருவார்கள்.

ஒருநாள் டாக்டர் எங்களை நர்ஸ் மிஸ்ஸியோடு பசாருக்கு அனுப்பினார். மீன் வாங்கிவந்து நாங்களே சமைக்க வேண்டும். காசிம் பாய் வழியெல்லாம் சுவரைப் பிடித்துக்கொண்டே வந்தார். ஆ லான் உயிருள்ள விரால் ஒன்றைப் பேரம் பேசி வாங்கினாள். கூடையிலிருந்து அது துள்ளி, நேராகக் காசிம் பாயின் கைலி மடிப்பில் விழுந்தது. மனுஷர் அலறிக்கொண்டு பசார் முழுக்க ஓடினார். மீன் கீழே விழுந்த பிறகும் ஓடினார். "தங்காப்! தங்காப்!" என்று ஆ லான் பின்னால் கத்தினாள்; பிடி, பிடி என்று அவள் சொன்னது மீனையா, பாயையா என்று தெரியவில்லை.

யாரோ விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம் கேட்டது. நான்தான்.

"என்னா பாய், இப்படி ஓடுறீங்க!"

அவர் மார்பில் கை வைத்து மூச்சு வாங்கினார். பிறகு அவர் முகம் மலர்ந்தது.

"நெஞ்சு படபடங்குதுலா, தங்கச்சி! ஆனா பயத்துல இல்ல, ஓடுனதுல!"

அன்று குழம்பை இரண்டாம் முறை நானே கேட்டு வாங்கினேன்.

அதோடு குணமாகிவிடவில்லை. அடுத்த வாரமே படுக்கையை விட்டு எழ முடியாமல் கிடந்தேன். கணவர்தான் எழுப்பி, தலை வாரிவிட்டு, பஸ் ஏற்றினார்.

"மறுபடியும் வந்துடுச்சு டாக்டர்" என்று அழுதேன்.

"வரும். சிரிப்பும் அப்படித்தான், மறுபடி வரும். நீங்க வர்றத மட்டும் நிறுத்தாதீங்க."

இதைப் படிக்கிறவர்களில் யாராவது இப்படிக் கிடந்தால், நானும் அதையேதான் சொல்வேன். போய்க்கொண்டே இருங்கள். ஒரு நாள் வீணானால் மறுநாள் போங்கள். அந்த மழைக்காலம் முடிவதற்குள் நான் மறுபடி பால்வெட்டப் போய்விட்டேன்.

அந்தத் தீபாவளிக்குத் துணி எடுக்கக் காசிம் பாய் கடைக்குப் போனோம். தெருவில் நின்று யாரோடோ விலை பேசிக்கொண்டிருந்தவர், எங்களைக் கண்டதும் சாலையைக் கடந்து வந்து செல்வியைத் தூக்கிக்கொண்டார்.

"எந்தக் கலர் வேணும் தங்கச்சி?"

"மஞ்சள்" என்றேன், யோசிக்காமலே. பழைய ரவிக்கை கையில் இறுக்கிப் பிடித்தது. சதை போட்டிருந்தேன். அதைத் தடவிப் பார்க்கவே சந்தோஷமாக இருந்தது. ஒரு பகல் எப்போது முடியும் என்று ஏங்கிக் கிடந்தவள் நான்.

"பஸ் வந்துடுச்சு, வா" என்றார் கணவர்.

"அடுத்த பஸ்ல போலாங்க" என்றேன். "இன்னும் வெளிச்சம் இருக்கு."