கிழங்கு தின்றும் உப்பியவள்

ஜப்பான்காரர்கள் காலத்தில், ரிங்லெட் என்ற மலையூருக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் எல்லோரும் மரவள்ளிக்கிழங்கு தின்று மெலிந்தார்கள். நான் மட்டும் உப்பினேன். எனக்குத் தைராய்டு சுரப்பு குறைவு. போரால் மாத்திரை வரத்து நின்றுவிட்டது.

"இவ அரிசி பதுக்குறா லா" என்று தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் யாரோ கிளப்பிவிட, கங்காணி இரண்டு ஜப்பானியச் சிப்பாய்களோடு வந்தார். பதுக்கியதாக இழுத்துப் போனவர்கள் திரும்பியதில்லை.

"சீக்குங்க, கங்காணி."

"சீக்குன்னா மெலியணும்மா. நீ கல்யாண வீட்டுல இருந்து வந்த மாதிரியில்ல இருக்க!"

ஒருவன் பானையில் வெந்த கிழங்கைக் கிளறினான். மற்றவன் தரைப்பலகைகளைப் பெயர்த்தான். அரிசி இல்லாததால் என்னை விட்டுப் போனார்கள்.

அன்றிலிருந்து வாசலில் அடுப்பு மூட்டி, எல்லோர் கண்ணெதிரில்தான் சமைத்துச் சாப்பிட்டேன். அப்படியும் எதிர்வீட்டு மேரி கேட்டாள்: "வெளிய கிழங்கு, சரி. உள்ள போய் என்னக்கா திங்கிற?"