வெல்லாவெளியில் வளரும் கொம்பு

போர் முடிந்து பாதை திறந்த புதிது. வெல்லாவெளித் தேநீர்க்கடை மேசையில் இரண்டு சோடி மான் கொம்புகள் கிடக்கின்றன. ஒன்று கடைக்காரருடையது, மற்றது அவருடைய மச்சானுடையது. எது பெரியதோ அதுதான் கடைவாசலுக்கு மேலே ஏறும்.

மச்சான் கிளைகளை எண்ணுகிறார். அவருடையதில் ஒரு கிளை கூடுதலாக இருக்கிறது. கடைக்காரர் அதை ஒப்புக்கொள்ளவில்லை, நீளம்தான் கணக்காம். தன் கொம்பைச் சாண் போட்டு, "மூன்றரை!" என்கிறார். மச்சானும் தன் கையால் தன்னுடையதை அளக்கிறார். மூன்றுதான்.

வெளிநாட்டில் நீளம், பருமன், கிளை எல்லாவற்றையும் கூட்டி, இடக்கொம்புக்கும் வலக்கொம்புக்கும் உள்ள வித்தியாசத்தைக் கழிப்பார்கள் என்று தேநீர் குடிக்க வந்த நான் என் அறிவை எடுத்து வைக்கிறேன்.

"கழிக்கிறதோ? மான் என்ன குற்றம் செய்தது தம்பி?" தேநீரை ஆற்றியபடி கடைக்காரரின் மனைவி கேட்கிறார். "இவர்ர கொம்பும் முந்தி மூன்று சாண்தான். ஷெல்லடியில சுண்டுவிரல் போன பிறகுதான் வளரத் தொடங்கினது."

கடையே சிரிக்கிறது. கடைக்காரர் நாலு விரல் கையை ஒளிக்காமல் விரித்துக் காட்டுகிறார். மச்சான் தன் கொம்பை அந்தக் கைக்கு நேரே தள்ளுகிறார்.

"இந்தா, இதையும் அந்தக் கையால அள மச்சான். என்டதும் கொஞ்சம் வளரட்டும்."