சிவப்பு விளக்கு எரிந்தது

இன்று காலை, காய்ச்சலில் துவண்டுபோன மகளை மடியில் போட்டுக்கொண்டு குளுவாங் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஜப்பான்காரன் வந்ததும் ரப்பர் தோட்டத்துத் துரை விட்டுவிட்டு ஓடிய கார்தான். தோட்டத்துக்குப் புதிதாகக் கணக்கெழுத வந்திருந்த கிராணி ஓட்டினார்.

லாயாங் லாயாங் ஊரைத் தாண்டியதும், ஸ்டீயரிங்குக்குப் பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தது.

“எரிஞ்சா எரியட்டும்லா, சீக்கிரம் போயிடலாம்,” என்று கிராணி வேகத்தைக் கூட்டினார்.

“நிறுத்துங்க ஐயா! ஓடுறப்ப அது எரிஞ்சா டைனமோ சுத்தலனு அர்த்தம். அதையும் காத்தாடியையும் சுத்துற பெல்ட் அறுந்திருக்கும். இப்படியே ஓட்டினா சூடேறி எஞ்சின் நின்னுடும். அப்புறம் பிள்ளைய தூக்கிக்கிட்டு நடக்கணும்,” என்றேன்.

கிராணி காரை நிறுத்தி, இறங்கி முன்மூடியைத் திறந்தார். பெல்ட் அறுந்துதான் கிடந்தது. என் சேலைக் கரையைக் கிழித்து, முறுக்கி, அதன் இடத்தில் இறுக்கிக் கட்டினோம். எஞ்சின் ஓடியதும் விளக்கு அணைந்தது.

“இதெல்லாம் யாரும்மா சொல்லிக்குடுத்தா?”

“எங்க வீட்டுக்காரர். ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் பாதை போடுற வேலைக்குப் பிடிச்சிட்டுப் போற வரைக்கும் இந்தக் கார அவருதான் ஓட்டினாரு.”

கிராணி அதன்பிறகு மெதுவாகவே ஓட்டினார். நான் ஓட்டுபவரின் பக்கம் திரும்பாமல் ரப்பர் மரங்களையே பார்த்துக்கொண்டு வந்தேன். திரும்பினால் ஓட்டுவது என் வீட்டுக்காரர் இல்லை என்பது தெரிந்துவிடும்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். மாலையில் காய்ச்சல் இறங்கியது. மகள் கஞ்சி கேட்டாள்.

ரயில் வேலைக்கு ஆள் போன வீட்டுக்காரர்களே, உங்களில் யாருக்காவது சயாமிலிருந்து சேதி வந்ததா? அவரைப் பார்த்தவர்கள் இருந்தால், பெல்ட்டை நான் சரியாகக் கட்டினேன் என்று சொல்லுங்கள். நம்ப மாட்டார். நேரில் வந்து பார்க்கச் சொல்லுங்கள்.